ராஜா தலை வெள்ளி: எந்தக் காசு, என்ன தரம், என்ன விலை

மலாக்காவில் ஆயர் குரோ, டுரியான் துங்கால், ஜாசின் பக்கத்துத் தோட்ட லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்களில் பழைய வெள்ளிக்காசு இருந்தால், அது சாமி மேடையில் இருக்கும். இல்லாவிட்டால் பாட்டியின் தகரப் பெட்டியில், சிவப்பு அடையாளக் கார்டுக்கும் கப்பல் காலத்துக் காகிதங்களுக்கும் அடியில், துணியில் முடிந்து கிடக்கும். லட்சுமி என்று வைத்தது, கொலுசுக்கு உருக்கலாம் என்று சேர்த்தது, ஜப்பான்காரன் காலத்தில் வாழைமர நோட்டை நம்பாமல் மண்ணில் புதைத்துப் பிறகு தோண்டி எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் பேரன் அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து இணையத்தில் தேடுவான். அதே வருடத்துக் காசுக்கு யாரோ ஆயிரக்கணக்கில் விலை போட்டிருப்பார்கள். மறுநாள் நகைக்கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் அதைத் தராசில் போட்டு, பழைய வெள்ளி விலைக்கு ஒரு தொகை சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் உங்கள் காசு எங்கே நிற்கிறது என்பதைக் கடைப்படி ஏறுவதற்கு முன்பே வீட்டு மேசையில் கண்டுபிடித்துவிடலாம். அதற்குத் தேவையானவை ஒரு சின்ன மின்தராசு, ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, ஒரு தம்ளர் தண்ணீர். கூடவே ஒரு கட்டுப்பாடும் வேண்டும்.

துலக்காதீர்கள்

அந்தக் கட்டுப்பாடு இதுதான். தீபாவளிக்கு முன் குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் துலக்கும் கை, பக்கத்தில் இருக்கும் காசையும் சேர்த்துத் துலக்கிவிடும். புளி, விபூதி, எலுமிச்சை, பல் துலக்கும் பேஸ்ட், நகைக்கடையில் விற்கும் பாலிஷ் துணி ஆகிய எல்லாமே வெள்ளியின் மேல்தோலைச் சுரண்டுபவை. விபூதியும் பேஸ்டும் மிக நுண்ணிய உப்புக்காகிதம் மாதிரி வேலை செய்யும். துலக்கியதும் காசு பளிச்சென்று இருக்கும், வீட்டில் எல்லாருக்கும் திருப்தியாக இருக்கும். காசு சேர்ப்பவரோ அதை விளக்கு வெளிச்சத்தில் ஒரு சாய்ப்பு சாய்த்துப் பார்த்துவிட்டு, பாதி விலைக்கும் கீழே இறங்கிவிடுவார்.

அவர் பார்ப்பது என்ன? அச்சில் அடித்து வெளியே வந்த காசில், உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாகப் பதிந்திருக்கும். காசைச் சாய்த்துச் சுழற்றினால் அந்த வரிகளில் ஒளி ஆரம் ஆரமாகச் சுற்றி வரும். துலக்கிய காசில் அந்தச் சுழற்சி செத்துப் போயிருக்கும். அதற்குப் பதில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருப்பு தங்கியிருக்கும். இதைத் திருப்பிச் சரிசெய்ய எந்த வழியும் இல்லை. கறுத்துப் போன காசைக் கறுப்போடு விடுங்கள். நூறு வருடத்துக் கறுப்பு சீராகப் படிந்திருந்தால், நீலமும் செம்பழுப்பும் கலந்து, அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மண்ணோ மஞ்சளோ குங்குமமோ ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊற வைத்து, தேய்க்காமல் அலசி, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த வெள்ளி உங்கள் கையில் இருக்கிறது

மலாக்கா 1826 முதல் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்தது. 1867இல் அது நேரடியாக பிரிட்டிஷ் முடியின் காலனி ஆயிற்று. ஆனால் அந்தக் காலனிக்கென்று தனியாக ஒரு டாலர் காசு வர 1903 ஆகிவிட்டது. அதுவரை கடைத்தெருவில் ஓடியவை பல நாட்டுக் காசுகள். மெக்சிகோ டாலர்தான் பெரும்பான்மை, 27.07 கிராம். அதோடு ஹாங்காங் டாலர், ஜப்பானிய யென், 1895 முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்த பிரிட்டிஷ் வணிக டாலர். தோட்டத்துக்கு வந்தவர்களின் மடியில் விக்டோரியா ராணி தலை போட்ட இந்திய ரூபாயும் வந்தது. அது 11.66 கிராம் எடையும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது, டாலரைவிட ரொம்பச் சின்னது. பெட்டியில் அது கிடந்தால் தனியாக எடுத்து வையுங்கள், அதன் கணக்கே வேறு.

வணிக டாலரை அடையாளம் காண்பது சுலபம். அதில் ராஜா தலை கிடையாது. கையில் திரிசூலமும் கேடயமும் பிடித்து ஒரு பெண் நிற்பாள், அவள்தான் பிரிட்டானியா. மறுபக்கத்தில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து அலங்காரமாக நடுவிலும், ஒரு டாலர் என்பது சீனத்திலும் ஜாவியிலும் அதைச் சுற்றியும் இருக்கும். நாட்டின் பெயரோ அரசர் பெயரோ எங்கும் இருக்காது. எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி, அகலம் 39 மில்லிமீட்டர். திரிசூலத்தின் நடு முனையில் உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். பொடி எழுத்தாக 'பி' இருந்தால் பம்பாய். பிரிட்டானியாவின் காலுக்கும் கேடயத்துக்கும் நடுவில், தரையில் 'சி' இருந்தால் கல்கத்தா. கல்கத்தா காசு 1900, 1901, 1902 ஆகிய மூன்று வருடங்களில் மட்டுமே வந்தது. 1921ம் 1935ம் அரிய வருடங்கள், அவை கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். 1914 முதல் 1920 வரை இந்த டாலர் அடிக்கப்படவே இல்லை. ஆனாலும் 1915 என்று போட்ட 'பழைய காசு' ஜோங்கர் தெரு நடைபாதையில் பரப்பி வைத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். போலி அடிப்பவர் வரலாறு படிப்பதில்லை.

இனி ராஜா தலை. நீரிணைக் குடியேற்றங்களின் டாலர் வெளிவந்த வருடங்கள் 1903, 1904, 1907, 1908, 1909, 1919, 1920, 1925, 1926 மட்டும்தான். இந்த ஒன்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேறு வருடம் போட்ட நீரிணை டாலரோ, விக்டோரியா ராணி தலை போட்ட நீரிணை டாலரோ கிடையாது. ராணி தலையோடு அந்த அளவில் பெரிய காசு இருந்தால் அது 1866 முதல் 1868 வரை வந்த ஹாங்காங் டாலராக இருக்கலாம், எழுத்தைப் படித்துப் பாருங்கள். ராணி காலத்து நீரிணை வெள்ளிகளில் பெரியது ஐம்பது காசுதான்.

ஒன்பது வருடங்கள் என்றாலும் காசு மூன்று வகை. மூன்றிலும் 'ஒரு டாலர்' என்றுதான் எழுதியிருக்கும், வெள்ளியின் அளவு மட்டும் மாறும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

1903, 1904 காசு வலது பக்கம் பார்க்கும் ஏழாம் எட்வர்டு. 26.95 கிராம், 37 மில்லிமீட்டர், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. 1907 முதல் 1909 வரையிலும் அதே எட்வர்டு, அதே வடிவம், அதே தொண்ணூறு. ஆனால் எடை 20.21 கிராம், அகலம் 34.5. வருடத்தைப் பார்க்காமல் படத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது, கையில் எடுத்தால்தான் தெரியும். 1919 முதல் இடது பக்கம் பார்க்கும் ஐந்தாம் ஜார்ஜ். எடை 16.85 கிராம், வெள்ளி பாதிக்குப் பாதி.

இந்த இறக்கத்துக்குக் காரணம் தெரிந்தால் எது ஏன் அரிது என்பதும் தெரிந்துவிடும். 1903இல் புது டாலரை இறக்கி, மெக்சிகோ டாலரையும் வணிக டாலரையும் 1904இல் செல்லாது என்று அறிவித்தார்கள். 1906இல் டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்னி, அதாவது 28 பென்னி என்று பவுனோடு விலை கட்டினார்கள். அந்தச் சமயம் பார்த்து உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியது. லண்டனில் அவுன்ஸ் 33 பென்னியைத் தாண்டினால் காசைச் செலவழிப்பதைவிட உருக்குவதுதான் லாபம் என்ற நிலை. அரசாங்கம் பெரிய காசைத் திரும்ப வாங்கி உருக்கி 1907இல் சின்னதாக அடித்தது. 1920 பிப்ரவரியில் வெள்ளி விலை லண்டனில் 89½ பென்னிக்குப் போனபோது, 28 பென்னி மதிப்புள்ள சின்ன டாலருக்குள் ஏறத்தாழ 56 பென்னிக்கு வெள்ளி இருந்தது! யார் அதைக் கடையில் கொடுத்து அரிசி வாங்குவார்கள்?

அதனால் எத்தனை காசு அச்சடித்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்து விலை போடாதீர்கள். 1903, 1904 இரண்டு வருடமும் சேர்ந்து 35 மில்லியன் காசுக்கு மேல் பம்பாயில் அடித்தார்கள். 1909இல் அடித்தது ஒரு மில்லியன் சொச்சம்தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1903 மலிந்து கிடக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரிய காசுகளில் பெரும்பங்கு உலைக்குப் போய்விட்டது. தப்பியவை புதைத்து வைத்தவையும் கழுத்தில் கோத்தவையும்தான். இன்று சுலபமாகக் கிடைப்பது 1920ஆம் வருடத்து ஜார்ஜ். அபூர்வமானவை 1925, 1926. இந்த இரண்டில் ஒன்றை யாராவது மலிவாக நீட்டினால் கையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

1907 காசில் ராஜாவின் உருவத்துக்குக் கீழே 'எச்' என்ற பொடி எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் ஹீட்டன் ஆலை அடித்தது. 1903 பம்பாய்க் காசில் 'பி' குழிந்தும் இருக்கும், புடைத்தும் இருக்கும், இரண்டையும் சேகரிப்பவர்கள் தனித்தனியாக வாங்குவார்கள். இந்த நுணுக்கமெல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமானால் சரண் சிங் தொகுத்த மலேசிய, சிங்கப்பூர், புருணை நாணயக் கலைக்களஞ்சியத்தைத் தேடிப் பிடியுங்கள். கடைக்காரர்கள் மேசைக்கடியில் வைத்திருக்கும் புத்தகம் அதுதான்.

தராசும் தண்ணீரும்

நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சட்டைப்பைத் தராசு இணையத்தில் சில பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். முதலில் எடை. புழங்கித் தேய்ந்த காசு அரை கிராம்வரை குறைந்திருந்தால் கவலையில்லை. இரண்டு கிராம் குறைந்தாலோ கூடினாலோ அது காசில்லை, காசு மாதிரி ஒன்று. எடைக்குறைவிலேயே போலிகளில் பாதி மாட்டிக்கொள்ளும்.

மீதிப் பாதிக்குத் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை மெல்லிய தையல் நூலில் சுருக்குப் போட்டுக் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது, கை ஆடக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாக அசைத்து விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண் அந்தக் காசு விலக்கிய தண்ணீரின் எடை. 26.95 கிராம் உள்ள நல்ல காசுக்கு 2.61 பக்கத்தில் வரும். 1907 முதல் 1909 வரையிலான சின்ன எட்வர்டுக்கு 1.96. பாதி வெள்ளி ஜார்ஜுக்கு 1.74 சுமாருக்கு. செம்பும் நிக்கலும் கலந்து வெள்ளி முலாம் பூசிய போலி, எடையைச் சரியாக 26.95க்குக் கொண்டு வந்திருந்தாலும், தண்ணீரில் 3.0 காட்டிவிடும். எடையை ஏமாற்றலாம். எடையையும் பருமனையும் சேர்த்து ஏமாற்றுவது கஷ்டம்.

காந்தம் ஒட்டினால் போலி என்பது உண்மை. ஒட்டாவிட்டால் அசல் என்பது உண்மையில்லை, பித்தளையும் ஒட்டாது. சுண்டி ஓசை கேட்பது பழைய சீன வட்டிக்கடைக்காரர்களின் வித்தை. அனுபவப்பட்ட காதுக்கு அது பலிக்கும். நமக்கு வேண்டாம், காசு தரையில் விழுந்து விளிம்பு நசுங்கினால் யார் பொறுப்பு?

ஜார்ஜ் டாலரைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி வெள்ளிக் காசை வெளியிடும்போது மேல்தோலில் மட்டும் வெள்ளி செறிந்திருக்கும்படி பதப்படுத்தியிருப்பார்கள். அது தேய்ந்ததும் உள்ளே இருக்கும் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் வெளியே வரும். இதைப் பார்த்து 'பித்தளை' என்று தூக்கிப் போட்ட குடும்பங்கள் உண்டு. தராசைக் கேட்காமல் நிறத்தைக் கேட்டால் இப்படித்தான்.

தரம் பார்க்கும் கண்

காசின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் முறையை 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக உருவாக்கினார். இன்று அதே எண்தான் மலாக்கா காசுக்கும் உலகச் சந்தையில் செல்லும். 60க்கு மேல் போனால் புழக்கத்துக்கே வராத காசு, அதற்கு 'எம்எஸ்' என்று முன்னொட்டு. 50 முதல் 58 வரை 'ஏயு', உயர்ந்த இடங்களில் மட்டும் லேசான உரசல். 40, 45 'எக்ஸ்எஃப்'. 20 முதல் 35 வரை 'விஎஃப்'. அதற்குக் கீழே 'ஃபைன்', 'குட்' என்று இறங்கும். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், 'குட்' என்பது இந்த உலகத்தில் நன்றாகவே தேய்ந்த காசு.

எண்ணை நீங்கள் சரியாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். ஜன்னல் வெளிச்சம் வேண்டாம், ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் உட்காருங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு, மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். எட்வர்டு காசில் தேய்மானம் முதலில் தொடங்கும் இடங்கள் புருவம், காது, மகுடத்தின் அடிப்பட்டையில் உள்ள மணிகள். அந்த மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனி உருண்டையாக நின்றால் ஏயு பக்கம். ஒன்றோடொன்று கலந்து ஒரே கோடாகத் தெரிந்தால் விஎஃப்புக்கு இறங்கிவிட்டது. மகுடத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சி, தாடியும் கன்னமும் ஒரே வழவழப்பாகிவிட்டால் அது ஃபைன் அல்லது அதற்கும் கீழே. தோளில் போர்த்திய அங்கியின் வேலைப்பாட்டையும் பார்க்க வேண்டும், தலை நன்றாக இருந்து தோள் மழுங்கிய காசு நிறைய. ஜார்ஜ் காசுக்கும் இதே இடங்கள்தான், முகம் மட்டும் எதிர்ப்பக்கம்.

வணிக டாலரில் பிரிட்டானியாவின் மார்பு, முழங்கால், கேடயத்தின் நடுப்பகுதி. இந்தக் காசு அச்சிலேயே சில சமயம் சரியாக அழுந்தாமல் வந்திருக்கும். அப்போது மார்பு மழுங்கலாகவும் மற்ற இடம் புதிதாகவும் இருக்கும். அதைத் தேய்மானம் என்று தவறாகக் கணக்கிட்டு விலையைக் குறைப்பவர் உண்டு. மழுங்கின இடத்திலும் ஒளி சுழன்றால் அது அச்சுக்குறை, ஒளி செத்திருந்தால் தேய்மானம். முடிவு செய்யும் முன் பூப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே தரத்தில் இருக்கும் என்ற கட்டாயம் இல்லை, குறைந்த பக்கம்தான் விலையை முடிவு செய்யும்.

அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்கள் காசைச் சோதித்து, எண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகின்றன. சந்தையில் அதை ஸ்லாப் என்பார்கள். துலக்கிய காசுக்கு அவர்கள் எண் தரமாட்டார்கள், 'டீடெயில்ஸ்' என்று எழுதி காரணத்தையும் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். அனுப்பும் செலவும் கட்டணமும் சேர்ந்து கணிசமாக வரும். 1920 ஜார்ஜ் ஒன்று விஎஃப் தரத்தில் இருந்தால் அனுப்பாதீர்கள், காசைவிடப் பிளாஸ்டிக்குக்கு அதிகம் செலவாகும். கூர்மையான 1903, 1904 காசுகள், ஏயுவுக்கு மேல் நிற்கும் 1909, இவற்றுக்குச் செலவு செய்யலாம். ஸ்லாப்பிலும் போலி வருகிறது. உறையில் இருக்கும் எண்ணை அந்த நிறுவனத்தின் பக்கத்தில் தட்டி, அங்கே வரும் படமும் கையில் இருக்கும் காசும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஓட்டையும் கொக்கியும் முத்திரையும்

நம் வீட்டுக் காசுகளின் தனிச் சிக்கல் இது. காசு மாலைக்கு ஓட்டை போட்டிருப்பார்கள், அல்லது வளையம் பற்றவைத்திருப்பார்கள். இடுப்புப் பெல்ட்டில் பொத்தானாக வைத்து ஒரு பக்கம் முழுக்க ஈயம் பூசியிருப்பதும் உண்டு. சேகரிப்புச் சந்தையில் இவற்றுக்குக் கிட்டத்தட்ட வெள்ளி விலைதான். கொக்கியை அறுத்தெடுத்து விளிம்பை அரம் போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லும் பத்தரிடம் கொடுக்காதீர்கள், சரிசெய்த தடம் கொக்கியைவிட மோசமான குறை. மாலை முழுதாக இருந்தால் மாலையாகவே வைத்திருங்கள். பழைய நகை சேர்ப்பவர்கள் தனி, அவர்கள் கணக்கில் கோத்த விதமும் பத்தர் வேலையும் சேரும். பிரித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

சீன வட்டிக்கடைக்காரர்கள் காசைச் சோதித்து அடித்த பொடி முத்திரைகள் வேறு விஷயம். மெக்சிகோ டாலரிலும் வணிக டாலரிலும் இவை சாதாரணம். ஒரு காலத்தில் இதைக் குறையென்று ஒதுக்கினார்கள். இப்போது தெளிவான முத்திரைகளுக்காகவே தேடுகிறவர்கள் வந்துவிட்டார்கள், ஸ்லாப் நிறுவனங்களும் முத்திரைக் காசுக்கு எண் தருகின்றன. என் பார்வையில், ஒன்றிரண்டு சுத்தமான முத்திரை காசைக் கெடுப்பதில்லை. முகமே தெரியாத அளவு அடித்து நசுக்கிய காசு வெள்ளி விலைக்குத்தான்.

விலை போடுவது

தரை விலையிலிருந்து தொடங்குங்கள். காசுக்குள் சுத்த வெள்ளி எவ்வளவு? பெரிய எட்வர்டில் 24.26 கிராம், சின்ன எட்வர்டில் 18.19, ஜார்ஜில் 8.43. அன்றைய சுத்த வெள்ளி விலை கிராமுக்கு 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் முறையே 121.30, 90.95, 42.15 வெள்ளி. மூன்றையும் ஒரே விலைக்கு 'ஒரு காசு இவ்வளவு' என்று கேட்கும் வியாபாரி யாருக்கு நல்லது செய்கிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நகைக்கடை இந்தத் தரை விலையிலும் கொஞ்சம் கழித்துத்தான் கொடுக்கும், உருக்குக் கூலியும் சேதாரமும் அவர்களுக்கு உண்டு.

அதற்கு மேலே ஏறுவதெல்லாம் வருடமும் தரமும் சேர்ந்து கொடுப்பது. படிகள் சமமாக ஏறாது. ஃபைனிலிருந்து விஎஃப்புக்குப் போனால் விலை கொஞ்சம்தான் நகரும், ஏயுவிலிருந்து எம்எஸ்ஸுக்குத் தாவினால் பல மடங்கு. இணையத்தில் விற்பவர் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது அவருடைய ஆசை. ஏலத்தில் விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். அதே வருடம், அதே தரம், துலக்காத காசு ஒன்று எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். அதில் ஏலக்காரரின் தரகும் சேர்ந்திருக்கும். கடைக்காரர் உங்களுக்கு அதைவிடக் குறைத்துத்தான் தருவார், அது ஏமாற்றுமில்லை, அவர் கடை வாடகை.

மலாக்காவில் கேட்க வேண்டுமானால் ஜோங்கர் தெருப் பக்கத்துப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. ஒரே கடையில் முடித்துவிடாதீர்கள். சில தவுக்கேமார் நீங்கள் 'பெராப்பா?' என்று கேட்பதற்குள் 'நீ எவ்வளவுக்குக் கொடுப்பாய்?' என்று திருப்பிப் போடுவார்கள். அப்போது எண் சொல்லாதீர்கள். 'சும்மா தரம் பார்க்க வந்தேன், தவுக்கே. இதைத் துலக்கியிருக்கிறார்களா, சொல்லுங்கள்' என்று கேளுங்கள். இந்தக் கேள்வி கேட்பவரை அவர்கள் வேறு மாதிரி நடத்துவார்கள். காசுகள் நிறைய இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக் காட்ட வேண்டாம். மொத்தத்துக்கு ஒரு விலை என்ற பேச்சில் நல்ல காசு மறைந்துபோகும், காசும் ஒன்றோடொன்று உரசும்.

வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றே. முதல் காசாக 1920 ஜார்ஜை நல்ல தரத்தில் வாங்குங்கள். மலிவு, போலிக்காரர்கள் பெரும்பாலும் கைவைப்பது தொண்ணூறு வெள்ளிக் காசுகளில்தான், கண்ணும் பழகும். எட்வர்டு பிறகு வரட்டும். அசலை நிறைய பார்த்துப் பழக வேண்டுமானால் கோலாலம்பூரில் சாசானா கிஜாங்கில் இருக்கும் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கலாம்.

வைத்திருப்பது

மலாக்காவின் ஈரக்காற்று வெள்ளிக்கு எதிரி. ரப்பர் அதைவிடப் பெரிய எதிரி. பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கும், அது வெள்ளியைக் கரியாக்கும். அதனால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், ரப்பர் பாய் விரித்த இழுப்பறையும் ஆகாது. பால் மரத்தை நம்பிப் பிழைத்த வீட்டில் இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் தகரப் பெட்டியில் ரப்பர் பேண்டு படிந்த கோடு வெள்ளியில் நிரந்தரமாக நிற்பதைப் பார்க்கலாம். மெத்தென்று வளையும் மலிவான பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம். அவற்றிலிருந்து சில வருடங்களில் பச்சைப் பிசின் கசிந்து காசில் ஒட்டும். கெட்டி காப்ஸ்யூல் அல்லது மைலார் உறை வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். பச்சைப் பிசின் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊற வைத்தால் கரையும், வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சு அழிக்கும் வாசனைத் திரவம் வேறு, அதை ஊற்றாதீர்கள். அசிட்டோன் தீப்பற்றும், சமையலறையில் இந்த வேலை வேண்டாம்.

சாமி மேடையில் இருந்த காசை எடுக்க மனமில்லை என்றால் எடுக்க வேண்டாம். காப்ஸ்யூலுக்குள் போட்டே வையுங்கள், பொட்டை மூடியின் மேல் வைத்துக்கொள்ளலாம்.

மண்ணில் கிடைத்தால்

மறுநடவுக்கு நிலத்தைக் கிளறும்போதும் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போதும் பானையோடு காசு கிடைப்பது உண்டு. அது உங்கள் தாத்தா புதைத்ததாகவே இருந்தாலும் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போகும் பொருள் இல்லை. 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி பண்பாட்டு மதிப்புள்ளது என்று நம்பத்தக்க ஒரு பொருள் கிடைத்தால் மாவட்ட அதிகாரிக்கோ பாரம்பரிய ஆணையருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். பானையை உடைக்காமல், காசைப் பிரிக்காமல், கிடைத்த இடத்தைப் படமெடுத்து வைத்துவிட்டு அவர்களை அழையுங்கள்.

வீட்டுப் பரம்பரையில் வந்த காசுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஒரு சின்னக் குறிப்பேடு போதும். ஒவ்வொரு காசுக்கும் வருடம், எடை, தண்ணீரில் காட்டிய எண், நீங்கள் மதிப்பிட்ட படி, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்தத் தோட்டம் என்று எழுதி, காப்ஸ்யூல் எண்ணோடு பொருத்தி வையுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பிரிக்கும் நாள் வந்தால் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். ஒரு 1904 எட்வர்டில் இருக்கும் வெள்ளிக்கு ஈடாக மூன்று ஜார்ஜ் வைக்க வேண்டும், அதற்கு மேல் தரத்தின் கணக்கு தனி.